கழுத்துச் செலவு

இல்ல சார், என் வீட்டுக்காரி இங்க இல்ல. ஒளிச்சு வச்சிருக்கேன்னு நெனைக்காதீக, வேணும்னா உள்ள எட்டிப் பாருங்க. எம்.ரெட்டியபட்டிக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, நாளைக்குத்தான் வருவா. நான்தான் போயிட்டு வான்னு பஸ் ஏத்தி விட்டேன். அந்தக் கட்டில்ல வேணாம், கயிறு தொய்ஞ்சு போச்சு, உக்காந்தா எந்திரிக்க முடியாது. இந்த முக்காலியில உக்காருங்க. தண்ணி தரட்டா? உப்புக் கரிக்கும், பரளச்சியில அம்புட்டுக் கெணறும் அப்படித்தான். சரி, வேணாம்னா விடுங்க.

நீங்க யாருன்னு தெரியும் சார். நாங்க போட்ட நஷ்டஈட்டுக் கேசு விசயமா லாரிக்காரரோட இன்சூரன்ஸ் கம்பெனியிலருந்து ஆளு வரும்னு வக்கீல் குமாஸ்தா சங்கரலிங்கம் முந்தியே சொல்லிட்டாரு. ஏப்பா சீனிச்சாமி, வந்தா நீ வாயே தொறக்கக் கூடாது, எதுனாலும் எங்க வக்கீலக் கேட்டுக்கங்கன்னு ஒரே வார்த்தையில அனுப்பிச்சிருன்னாரு. நல்ல மனுசன்தான், எனக்காகத்தான் சொன்னாரு. ஆனா நான் பேசத்தான் போறேன். நீங்க எழுதுறதா இருந்தா எழுதிக்கங்க. நிதானமாச் சொல்றேன்.

போன வருசம் ஐப்பசி. அவ தங்கச்சி ஆவுடைத்தாயிக்கு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில பிள்ளை பொறந்துருந்துச்சு. மாயக்கா, அதான் என் வீட்டுக்காரி, பாத்துட்டு வாரேன்னு போனா. சாயங்காலப் பஸ்ஸுல திரும்பி வாரா. கடைசிக்கு முந்துன சீட்டு. அந்தச் சீட்டெல்லாம் பாத்திருப்பீகளே, முதுகு வரைக்கும்தான் பலகை, அதுக்கு மேல ஒரு இரும்புக் கம்பி, கழுத்துக்கு ஒரு தாங்கலும் கெடையாது. நம்ம ஊருக்கு மூணு மைல் இருக்கைல ஆட்டு மந்தை குறுக்க வந்துருச்சு. டிரைவர் நிறுத்திட்டாரு. பின்னால வந்த கரி லாரி நிறுத்தல. மூட்டை மூட்டையாக் கரி, முழு லோடு. அப்படியே வந்து பஸ்ஸு முதுகுல இடிச்சுருச்சு.

பின் கண்ணாடி அம்புட்டும் நொறுங்கிப் போச்சு. நாலஞ்சு பேருக்கு ரத்தக்காயம். வீரசோழன் மதார் சாகிபு, ஜவுளி யாவாரி, அந்தப் பக்கச் சீட்டுல இருந்தாரு, அவருக்கு ஒதடு கிழிஞ்சு போச்சு. அவருதான் பாத்திருக்காரு. அந்தம்மா தலை பின்னால மடங்கி மேல கூரையைப் பாத்துச்சு, அடுத்த நிமிசம் முன்னால வந்து தாடை நெஞ்சுல முட்டுச்சுன்னு சொன்னாரு. கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்னிருக்காரு. நமக்கும் அவருக்கும் ஒரு ஒறவும் இல்ல சார், துணி வாங்குன பழக்கம் கூட இல்ல. பாத்ததைச் சொல்றாரு.

ஆமா, போலீசு எழுதுன லிஸ்ட்டுல மாயக்கா பேரு இல்ல. நீங்க கேப்பீகன்னு தெரியும். ரத்தம் வந்தவுக பேரைத்தான் எழுதுனாக. இவளுக்கு ஒரு சொட்டு ரத்தம் வரல, ஒரு கீறல் இல்ல. அவுகளையெல்லாம் வேன்ல ஏத்தி அனுப்பிட்டு, மத்தவுகளப் போங்கன்னுட்டாக. இவ மூணு மைலும் நடந்து வந்தா. அதுவும் தலையில மூட்டையோட வந்தா. மறைக்கல சார், மூட்டையைச் செமந்துக்கிட்டுத்தான் வந்தா. வந்து சோறாக்குனா. லேசாத் தலை வலிக்குன்னா, அம்புட்டுத்தான்.

மறுநாள் விடிஞ்சு எந்திரிக்க முடியல. படுத்த வாக்குல கையை ரெண்டையும் தலைக்கு அடியில குடுத்து, தேங்காயத் தூக்குற மாதிரி தன் தலையத் தானே தூக்குறா. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறா. ஒடம்போட சேந்து திரும்புறா. எனக்கு மொதல்ல சிரிப்பாக் கூட வந்துச்சு. ராத்திரி ஏறுமாறாப் படுத்திருப்பா, சுளுக்குன்னு நெனச்சேன். சுளுக்கு எடுக்குற ஆள் ஒருத்தன் இருக்கான் பக்கத்து ஊர்ல, அவனக் கூட்டியாந்தேன். எண்ணெயத் தடவி வெடுக்குனு ஒரு திருப்புத் திருப்புனான். போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. அதுக்கு ரெண்டு ரூவாயும் ஒரு கோழியும். அதுக்கு ரசீது கெடையாது, எழுதிக்க வேணாம்.

அருப்புக்கோட்டை டாக்டர்கிட்ட மூணு தடவ போனோம். கேசுல வச்ச பத்தொம்பது ரசீதுல அதான் முத ரசீது, பன்னெண்டு ரூவா, ஊசியும் சேத்து. அவரு மதுரைக்குப் போயி எக்ஸ்ரே படம் எடுங்கன்னாரு. ரெண்டு படம், முப்பது ரூவா. கரிசக்காட்டுல பருத்தி எடுக்குற பொம்பளைக்கு ஒரு நாக் கூலி ஒரு ரூவா சார். ரெண்டு படத்துக்கு ஒரு மாசம் குனிஞ்சு நிமிரணும்.

படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு மதுரை டாக்டர் என்ன சொன்னாருங்கிறீக, எலும்பெல்லாம் நல்லாருக்கு, ஒண்ணும் ஒடையலன்னாரு. அந்த ஒரு பேச்சுத்தான் சார் எங்க வீட்டைக் கெடுத்துச்சு. அவரு அதோட நிறுத்தல, வெவரமாத்தான் சொன்னாரு. நீ வண்டி ஓட்டுறவனா, சாட்டையச் சொடுக்குனா நுனி எப்படிப் போயிட்டு வருது, அந்த மாதிரி தலை போயிட்டு வந்துருக்கு. உள்ள இருக்குற சதையும் நாரும் கயிறு மாதிரி, புரி விட்டுப் போயிருக்கு. படத்துல எலும்பு தெரியும், நாரு தெரியாது. ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம், பாரம் தூக்கக் கூடாது, குலுங்கக் கூடாதுன்னாரு. அம்புட்டையும் நானும் கேட்டேன், தலைய ஆட்டுனேன். ஆனா பஸ் ஏறி ஊரு வந்து எறங்கையில காதுல நின்னது முதப் பேச்சு மட்டுந்தான். எலும்பு நல்லாருக்கு.

கழுத்துக்கு ஒரு பட்டை போடச் சொன்னாக. தோலு, உள்ள பஞ்சு, பின்னால வார் வச்சுக் கட்டுறது. இருபத்தெட்டு ரூவா. அதப் போட்டுக்கிட்டுப் பஸ்ஸுல வந்தா எல்லாரும் அவளையே பாக்குறாக. அவளுக்கு வெக்கம். முந்தானைய இழுத்துக் கழுத்தைச் சுத்திக்கிட்டா. வெயில்ல வேத்து வேத்து உள்ள புண்ணாப் போச்சு, அதுக்கு ஒரு களிம்பு. பெறகு மதுரை பெரியாஸ்பத்திரியில சேத்துத் தாடையில வார் போட்டு, கட்டில் தலைமாட்டுல கப்பி வச்சு, வெயிட்டைத் தொங்க விட்டாக. பன்னெண்டு நாள். அங்க காசு கேக்கல, நான் பொய் சொல்லப்படாது. ஆனா பன்னெண்டு நாளு நான் எங்க சாப்புடுறது? வந்துட்டுப் போற பஸ்ஸுக்கு யாரு குடுப்பா? இங்க வெதைப்பு நேரம், பேஞ்ச மழை காய்ஞ்சுக்கிட்டு இருக்கு, எனக்குப் பதிலா ஏரு பிடிக்க ஆளு வைக்கணும். வெளிய எழுதிக் குடுக்குற மருந்து வேற.

செவலையை வித்தேன். சோடி மாடு சார், அதுல வலத்து மாடு. முன்னூத்திப் பத்து ரூவாக்கிப் போச்சு. ஒத்தை மாட்டை வச்சுக்கிட்டு என்ன செய்ய முடியும் சொல்லுங்க. வண்டியும் நின்னுச்சு, ஏரும் நின்னுச்சு. அடுத்தவன் மாட்டை வாடகைக்குப் பிடிச்சு ஒரு வழியா வெதைச்சேன். முத ஏழு ரசீதும் சேத்தா இருநூத்திப் பன்னெண்டு ரூவாதான் வரும், நீங்க கூட்டிப் பாத்திருப்பீக. ரசீது இல்லாம அதுக்கு மேலயே போச்சு. அதை நான் கேக்கல. குமாஸ்தாதான் எழுதச் சொன்னாரு, நான் வேணாம்னுட்டேன்.

ம்? ஆமா சார், குணமாச்சு. அது நெசம். பன்னெண்டு நாள் கட்டித் தொங்க விட்டதுல நல்ல மாத்தம். மார்கழியில பட்டையைப் பாதி நேரம் கழட்டி வச்சா. தை மாசம் டாக்டர் பாத்துட்டு, பரவாயில்லம்மா, முக்காவாசி தேறிட்ட, இன்னும் மூணு மாசம் பொறுமையா இரு, தலையில மட்டும் எதையும் வைக்காதன்னாரு. அவரு எழுதுன சீட்டு ஒங்க காயிதக் கட்டுல இருக்கும். பொங்கலுக்கு வாசல்ல குனிஞ்சு கோலம் போட்டா. எடுப்புல அரைக்கொடம் தண்ணி கொண்டாந்தா. நான் கூட, போன மாடு போகட்டும், ஆளு பொழச்சாளேன்னு இருந்தேன்.

ஆனா ஊரு சும்மா இருக்குமா. வெளிய ஒண்ணும் தெரியல பாருங்க. கை ஒடஞ்சா மாவுக்கட்டைப் பாத்து நம்புவாக. காச்சல்னா தொட்டுப் பாத்து நம்புவாக. இவளுக்கு என்னத்தைப் பாத்து நம்புறது? ஒரு நாளைக்கு நல்லா இருக்கா, மறுநாளு செவத்துல சாஞ்சுக்கிட்டு முடியலங்குறா. எங்க அம்மா ஒச்சம்மா இருக்கே, ஆடு பத்திட்டுப் போயிருக்கு இப்ப, அது சொல்லுச்சு, எலும்பு ஒடையாம என்னடா வலி, நாங்கள்லாம் பிள்ளை பெத்த மூணாம் நாளு களை வெட்டப் போனோம்னுச்சு. மாட்டை வித்து மகாராணி மாதிரி வச்சிருக்கான்னு தெருவுல ஒருத்தி சொன்னாளாம். அம்மா மேலயோ தெரு மேலயோ நான் பழி போட வரல. அவுக சொன்னாக, நான் கேட்டேன். கேட்ட காது என்னோடது.

இப்ப நீங்க வந்த சங்கதிக்கு வாரேன். ஏழாம் ரசீது தை மாசம், எட்டாம் ரசீது பங்குனிக் கடைசி. நடுவுல ரெண்டு மாசத்துக்கு மேல ஒரு செலவும் இல்ல. முக்காவாசி தேறுனவளுக்கு மறுபடியும் எப்படி அம்புட்டு மோசமாச்சு, எட்டுலருந்து பத்தொம்பது வரைக்கும் எண்ணூத்தி முப்பது ரூவா எங்கிருந்து வந்துச்சு. இதானே ஒங்க கேள்வி? வக்கீல் நோட்டீசுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்டுனாக. லாரி இடிச்சதோட தொடர்ச்சியா நோவு முத்திப் போச்சுன்னு எழுதியிருக்கு. அதுக்கடியில நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

அந்த எண்ணூத்தி முப்பதையும் சொல்லிருறேன். இந்தத் தடவ அருப்புக்கோட்டையில தொடவே மாட்டேன்னுட்டாக, நேரா மதுரைன்னாக. ஒரு நரம்பு டாக்டர்கிட்ட தனி ஆஸ்பத்திரியில சேத்தேன், இருபத்திரெண்டு நாளு. பெரியாஸ்பத்திரிக்கே போயிருக்கலாமேங்கிறீகளா? போயிருக்கலாம். ஆனா அந்த நேரம் எனக்கு, காசு எம்புட்டுக் கேட்டாலும் குடுக்கணும்னு ஒரு வெறி. மறுபடி நாலு படம். தெனம் ரெண்டு ஊசி. வலது கையி சுண்டு வெரலும் அடுத்த வெரலும் மரத்துப் போச்சு அவளுக்கு, இன்னும் வரல. டம்ளரைப் பிடிச்சா நழுவிருது. மிஞ்சுன மாட்டையும் குடுத்தேன். பிஞ்சை நெலம் ஒரு ஏக்கரு அடமானத்துல கெடக்கு. இனிமே தலையில பாரம் வைக்கிறது ஆயுசுக்கும் கெடையாதுன்னுட்டாக. முப்பத்தொரு வயசு சார் அவளுக்கு. இந்தக் காட்டுல தலையில பாரம் செமக்காத பொம்பளைக்கு யாரு கூலி குடுப்பா.

எப்படி ஆச்சுன்னு அந்த டாக்டர் கேட்டாரு. நான் வாயத் தொறக்கிறதுக்கு முந்தி மாயக்கா சொல்லிட்டா, கெணத்தடியில பாசி வழுக்கிருச்சுங்கய்யான்னு. டாக்டர் அதை எழுதல, ம்னு கேட்டுக்கிட்டாரு, அம்புட்டுத்தான். குமாஸ்தாகிட்டயும் அதான் சொன்னா. அவரு, ஏ தாயி, கெணத்தையும் பாசியையும் கோர்ட்டுல சொல்லிறாத, கேசு போயிரும், தானா நோவு முத்திருச்சுன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தாரு. அடுத்த மாசம் இவளக் கூண்டுல ஏத்துவாக. நான் சொல்வதெல்லாம் உண்மைன்னு சொல்லச் சொல்லுவாக. அவளும் சொல்லுவா. சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்லிருவா, அந்த மாதிரி ஆளு.

கெணத்தடியில பாசி ஏது சார். பங்குனி வெயில்ல எங்க கெணத்துல வாளி முங்குற தண்ணி கெடையாது.

பருத்தி வெடிச்சிருச்சு அப்ப. காடு வெள்ளை வெளேர்னு நிக்குது. ஊரு பூராவும் ஒரே நேரத்துல வெடிச்சதால கூலிக்கு ஆள் கெடைக்கல. ரெண்டு நாளா மேகம் வேற கூடுது. அந்த நேரத்துல ஒரு மழை விழுந்தா நனைஞ்சு கறை பிடிச்சுரும், யாவாரி பாதி விலைக்குக் கூட எடுக்க மாட்டான். மாடு போச்சு, இதும் போச்சுன்னா நான் எங்க போறது. நானும் அம்மாவும் விடியக்காலமே போயி எடுக்குறோம். இவளையும் வான்னேன். முத நாளு வந்தா, மத்தியானம் வரைக்கும் எடுத்தா. மறுநாளு கூப்புட்டேன். இன்னிக்குக் கழுத்து இழுக்குது, குனிஞ்சா கண்ணு இருட்டுது, ஒரு நாளு விட்டுருங்கன்னா. சரின்னு போயிட்டேன். மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுக்கு வாரேன், இவ வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுப் பொம்பளகிட்ட என்னத்தையோ பேசிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா.

சிரிச்சா சார். அதுதான். வேற ஒண்ணும் இல்ல. கழுத்து வலிச்சா வாயி சிரிக்கக் கூடாதா என்ன. இப்பக் கேக்கத் தெரியுது.

உள்ள வாடின்னேன். வந்தா. நடிச்சது போதும், கெளம்பிக் காட்டுக்கு வான்னேன். நான் நடிக்கலங்கன்னு சொன்னா. ரெண்டு தோளையும் பிடிச்சு உலுக்குனேன். இந்தா, இந்தத் தூணு பக்கத்துலதான். எத்தன தடவன்னு கேட்டா எனக்குத் தெரியாது, மூணோ நாலோ. பட்டைய அன்னிக்குப் போடல அவ. தலை துவண்டு துவண்டு போயிட்டு வருது, எனக்குக் கண்ணுல பட்டும் கை நிக்கல. கத்தல அவ. அப்படியே உக்காந்து, என் கை எங்க இருக்குன்னு கேட்டா. கை மடியில கெடக்குது, அவளுக்குத் தெரியல.

அதுக்குப் பெறகு இன்னிக்கு வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல சார். திட்டிருந்தாப் பரவாயில்ல. அவ அண்ணந்தம்பிகளக் கூட்டியாந்து அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். சோத்தைப் போடுறா, பேசுறா, எல்லாம் முன்ன மாதிரிதான். நான் பரண் மேல இருந்து எதையாவது எடுக்கக் கையத் தூக்குனா மட்டும் கண்ண மூடிக்கிறா.

அதனால எட்டாம் ரசீதுலருந்து லாரிக்காரரு இல்ல, நான். அந்த இருநூத்திப் பன்னெண்டு அவரு குடுக்க வேண்டியது, அதுல ஒரு பைசா கொறைக்காதீக, மதார் சாகிபு வந்து சாட்சி சொல்லுவாரு. மிச்சத்தை அடிச்சிருங்க. கேசு போனாப் போகுது, அவ கூண்டுல ஏறி எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. இல்ல சார், யோசிச்சுத்தான் சொல்றேன், நாலு மாசமா யோசிச்சிருக்கேன். அந்த மை டப்பாவ உள்ள வைங்க, எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும். எங்க போடணும், காட்டுங்க.